தயவுசெஞ்சு பளபளன்னு ஆக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி பையன் பெங்களூர்லேர்ந்து வந்திருந்தான். நல்ல பையன். கை சும்மா இருக்காது, அதான் பிரச்சினை.

ஹால் மூலையில என் மூங்கில் தூண்டில் கழி சாத்தி வச்சிருந்தது. (ஃப்ளை ராடு. 'தூண்டில் கழி'ன்னு சொன்னா என் வீட்டம்மா சிரிக்கறா. அதனால இனிமே ராடுன்னே எழுதறேன்.) எடுத்தான், ஆட்டிப் பாத்தான், கட்டை விரலால தடவினான்.

"சூப்பர் மாமா. ஆனா இங்கங்க மேடு தட்டுதே. கறுப்பா வேற இருக்கு. ஒரு எமரி ஷீட் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆக்கித் தரேன்."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!

"முதல்ல சாப்பிடுடா"ன்னு மட்டும் சொன்னேன். ராடை எடுத்து பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. அவன் மேல கோவம் இல்ல. மூணு வருஷம் முன்னாடி நானே அதே எமரி ஷீட்டோட நின்னவன்தான். அந்தக் கதையைத்தான் இப்ப சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கிட்டு வாங்க.

கதை மூங்கில்ல ஆரம்பிக்கல. துப்பாக்கில ஆரம்பிச்சுது.

பயப்படாதீங்க, என்னோடது இல்ல. மைசூர்ல குடியேறின நாள்லேர்ந்து எனக்கு ஒரு குடகு நண்பர் உண்டு. விராஜ்பேட்டை பக்கம் காப்பித் தோட்டம். அவரோட தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒண்ணு வீட்டுல இருக்கு. பர்மிங்காம்ல செஞ்சது, பன்னெண்டு போர்.

(பன்னெண்டுன்னா என்ன கணக்குன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. குழலோட உள் வாய்க்குச் சரியாப் பொருந்தற மாதிரி ஈயக் குண்டு உருட்டினா, ஒரு பவுண்டு ஈயத்துல 12 குண்டு வரும். அதான் பன்னெண்டு போர். இருபது போர்ல 20 குண்டு வரும், அதனால குழல் சின்னது. நம்பர் ஏற ஏற வாய் சின்னதாகும். எந்த மகராசன் வச்ச கணக்கோ.)

குடகுல துப்பாக்கின்னா வேட்டைச் சாமான் மட்டும் இல்ல, வீட்டுல ஒரு ஆள் மாதிரி. ஆம்பளக் குழந்தை பொறந்தா வானத்தைப் பாத்து ஒரு வெடி. வீட்டுல யாராவது செத்தா அடுத்தடுத்து ரெண்டு வெடி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கும் சேதி போயிடும். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே கொடவர்களுக்கும் 'ஜம்மா'ங்கற பரம்பரை நிலம் வச்சிருக்கறவங்களுக்கும் லைசென்ஸ்லேர்ந்து விலக்கு உண்டு. 2019-ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. ஆனா விலக்கு வச்சுக்கறதுக்குத்தான். ரிப்பேர் பண்றதுக்குக் கிடையாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கி ரிப்பேர் தொழில் பண்ண தனி லைசென்ஸ் வேணும். அதனால நண்பர் அதை மைசூர்ல ஒரு லைசென்ஸ் உள்ள பெரியவர்கிட்ட கொண்டு வந்தாரு. நான் வேடிக்கை பாக்கப் போனேன்.

வேடிக்கை பாக்கறதுல எனக்கு நிகர் நானே.

பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கடைன்னு சொல்ல முடியாது, ஒரு நீள அறை. வைஸ், அரங்கள், எண்ணெய் வாசனை. துப்பாக்கியைப் பிரிச்சாரு. நான் ஆர்வக்கோளாறுல குழல் மேல கை வைக்கப் போனேன்.

"முட்ட பேடி சார்!"

(கன்னடத்துல முட்டறதுன்னா தொடறது. வந்த புதுசுல, 'நான் எங்கய்யா முட்டினேன்'னு ஒரு பஸ் கண்டக்டர்கிட்ட சண்டைக்கே போயிருக்கேன்.)

விரல் ஈரம் பட்டா அந்த இடத்துல துரு பிடிக்குமாம். அப்புறம் குழல் ஜோடியை ஒரு கயித்துல தொங்கவிட்டு, மரச் சுத்தியால லேசா ஒரு தட்டு தட்டினாரு.

டிங்ங்ங்ங்.

கோவில் மணி மாதிரி கார்வையோட நின்னுச்சு. "நல்லாருக்கு. ஒட்டு விடல"ன்னாரு. ரெண்டு குழலையும் நடுவுல ஒரு பட்டை வச்சு ஈயப் பத்தால ஒட்டியிருப்பாங்க. எங்கயாவது ஒட்டு விட்டிருந்தா சத்தம் ஓட்டைப் பானை மாதிரி 'தொப்'புன்னு செத்துடும். எக்ஸ்ரே எல்லாம் அப்புறம்தான், முதல்ல காது.

எல்லாம் நல்லாப் போயிட்டிருந்தப்ப, பெரியவர் விளக்கை இழுத்து பக்கவாட்டு இரும்பைப் பாத்தாரு. மூஞ்சி மாறிப்போச்சு.

"இதை யாரு தேய்ச்சது?"

நண்பர் நெளிஞ்சாரு. அவரோட சித்தப்பா இருபது வருஷம் முன்னாடி, கைல்பொள்து பண்டிகைக்கு அழகா இருக்கட்டும்னு ட்ரில் மெஷின்ல பஃப் மாட்டித் தேய்ச்சிருக்காரு. அந்த இடத்துல பறக்கற வாத்து ஒண்ணு செதுக்கியிருந்திருக்காங்க. இப்ப அது வாத்தா கோழியான்னு சொல்ல முடியல. தேஞ்சுபோன பத்து பைசா மாதிரி ஒரு நிழல்தான் இருந்துச்சு. ஆணித் தலைங்க மழுங்கிப் போச்சு. விளிம்பெல்லாம் சோப்பு மாதிரி உருண்டு போச்சு.

பெரியவர் குழலைத் திருப்பி அடிப்பக்கம் பாத்தாரு. குட்டிக் குட்டியா முத்திரைகள். பர்மிங்காம்ல 1813-லேர்ந்து ஒரு சோதனைச் சாலை இருக்கு. ஒவ்வொரு குழலையும் வேணும்னே அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பாத்து, வெடிக்காம நின்னாத்தான் முத்திரை குத்துவாங்க. தோட்டா நீளம், உள்வாய் அளவு எல்லாம் அந்த முத்திரைகள்லேர்ந்து தெரிஞ்சவன் படிச்சுடலாம். சித்தப்பா நல்ல வேளையா அந்தப் பக்கம் போகல.

"சார், இதுவும் போயிருந்தா இந்தத் துப்பாக்கிக்குப் பொறப்புச் சான்றிதழே கிடையாது. அவரு தேய்ச்சது அழுக்கை இல்ல. பேரைத் தேய்ச்சிருக்காரு."

இன்னொண்ணும் சொன்னாரு. அந்தக் காலத்துத் துப்பாக்கிங்க நிறைய ரெண்டரை இஞ்ச் தோட்டாவுக்குச் செஞ்சது. இப்ப கடையில கிடைக்கறது பெரும்பாலும் ரெண்டேமுக்கால். உள்ள போயிடும், அதான் ஆபத்து. சுடறப்ப வாய் விரிய இடம் இல்லாம அழுத்தம் எகிறும். முத்திரை அழிஞ்சிருந்தா இதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

அடுத்த பத்து நாள் பேங்க் வேலை முடிஞ்சதும் நேரா அங்கதான் போனேன். (வீட்டுல ஆடிட்டிங்னு சொல்லியிருந்தேன். படிச்சா படிக்கட்டும், இப்ப என்ன.) குழலுக்குக் கறுப்பு ஏத்தற வேலை நடந்துச்சு. என் வாழ்க்கையில நான் பாத்த நிதானமான வேலை அதுதான்.

முதல்ல சுத்தமா எண்ணெய்ப் பசை போகக் கழுவணும். ஒரு திரவத்தைத் துணில தொட்டு ஒரே இழுப்பா தடவணும். ஈரத்துணி தொங்கவிட்ட மரப்பெட்டிக்குள்ள வச்சு மூடிடணும். மறுநாள் திறந்தா குழல் முழுக்க செம்மண் பூசின மாதிரி துரு. எனக்குப் பக்குனுச்சு. பெரியவர் சந்தோஷமா சிரிச்சாரு. அந்தக் குழலை அப்படியே காய்ச்சி வடிச்ச தண்ணில கொதிக்கவிட்டாரு. கண் முன்னாடியே செவப்பு கறுப்பாச்சு. மெல்லிசு கம்பி பிரஷ்ஷால தூசியைத் தட்டிட்டு, மறுபடி திரவம், மறுபடி பெட்டி, மறுபடி துரு, மறுபடி கொதி. எட்டு தடவை! எட்டாவது தடவை பாத்தா, மழைக்கால ராத்திரி வானம் மாதிரி ஒரு கறுப்பு. பளபளப்பு இல்ல, ஆழம்.

துருவை வச்சே துருவைத் தடுக்கற வித்தை.

"இதையே அரை மணில முடிக்க உப்புத் தொட்டி இருக்கு சார்"னாரு. காரமும் உப்பும் போட்டு 140 டிகிரி கொதியில முக்கி எடுக்கறது. ஒத்தைக் குழல்னா சரி. ரெட்டைக் குழல்ல அந்தக் காரம் ஈயப் பத்தைத் தின்னுடும். பட்டைக்கு அடில போய் ஒளிஞ்சுக்கிட்டு வருஷக்கணக்கா உள்ளேர்ந்து அரிக்கும். வெளில புதுசு மாதிரி மின்னும். தட்டினா 'தொப்'.

வாத்தை என்ன பண்ணினாருன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் பண்ணல. நண்பர் புதுசா செதுக்கலாமேன்னு கேட்டாரு. அதுக்கு இன்னும் கொஞ்சம் இரும்பைச் சீவணும், அங்க சீவறதுக்கு இரும்பு இல்லைன்னுட்டாரு. மழுங்கின வாத்து மழுங்கின வாத்தாவே இருக்கு.

கடைசி நாள் பில் போடறப்ப என்னைப் பாத்து, "உங்களுக்குக் கை அரிக்குது சார், தெரியுது. ஆனா இது லைசென்ஸ் வேலை. வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. மரத்துல ஏதாவது பண்ணுங்க"ன்னாரு.

மரம் பிடிக்கல. புல் பிடிச்சேன். (மூங்கில் புல் வகைதானே.)

ஏன் மூங்கில்னா, அந்தப் பத்து நாளும் ராத்திரி துப்பாக்கி பத்திப் படிச்சிட்டிருந்தப்ப ஒரு விஷயம் மாட்டிச்சு. மூங்கிலைச் சீவி ஒட்டி ஃப்ளை ராடு செய்யற வித்தையை அமெரிக்காவுல தொடங்கி வச்சது யாருன்னு நினைக்கறீங்க? 1840-கள்ல பென்சில்வேனியாவுல ஈஸ்டன்னு ஒரு ஊர்ல இருந்த சாமுவேல் ஃபிலிப். தொழில், துப்பாக்கி செய்யறது! அப்புறம் 1870-கள்ல மெய்ன் மாநிலத்துல ஹைரம் லியனார்ட். ஆறு சில்லை ஒட்டி அறுகோண ராடு செஞ்சு பேர் வாங்கினவர். அவரும் துப்பாக்கிக்காரர்!

யோசிச்சா ஆச்சரியம் இல்ல. ரெண்டுக்கும் அரம்தான் ஆயுதம், ரெண்டும் நூல் நூலா கழிக்கற வேலை.

அதைவிட என்னை உசுப்பினது இன்னொண்ணு. அவங்க பயன்படுத்தின மூங்கிலுக்குப் பேரு 'கல்கத்தா கேன்'. நம்ம மூங்கில்! கல்கத்தாவுல கப்பல் ஏறிப் போனது. அந்தக் காலத்து ராடுகள்ல தீயில சுட்ட கறை அங்கங்க இருக்குமாம். அப்புறம் சீனாவுல குவாங்டாங் பக்கம் வளர்ற டாங்கின் மூங்கில் வந்துச்சு. நேரா, கணு கம்மியா, நார் நெருக்கமா இருக்கும். நம்மாளை ஓரங்கட்டிடுச்சு. மெக்ளூர்னு ஒரு தாவரவியல்காரர் 1931-ல அதுக்கு அறிவியல் பேரு வச்சப்ப 'அமாபிலிஸ்'னு வச்சாரு. பிரியத்துக்குரியதுன்னு அர்த்தம். நம்ம மூங்கில் பேரு 'ஸ்ட்ரிக்டஸ்'. பேருலயே பாருங்க, அது காதலி, இது கண்டிப்பான வாத்தியார்.

ஸ்ட்ரிக்டஸ்னா வேற எதுவும் இல்ல, நம்ம கல் மூங்கில்தான். போலீஸ் லத்தி செய்யறது. உள்ள ஓட்டை கம்மி, சதை கெட்டி.

சீன மூங்கில் வாங்கினா வேலை சுலபம். ஆனா வீம்புன்னு ஒண்ணு இருக்கே. லத்தி மூங்கில்லயே ராடு செய்யறதுன்னு முடிவு பண்ணி, ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு பாம்பு பஜாருக்குப் போனேன்.

(மைசூர்க்காரங்க சிரிக்க வேணாம். மத்தவங்களுக்கு: பாம்பு விக்கற இடம் இல்ல, மூங்கில் மண்டிங்க இருக்கற பேம்பூ பஜார். பக்கத்துலயே மேதர் பிளாக். மூங்கில் பின்னற மேதர் குடும்பங்க தலைமுறையா இருக்கற இடம்.)

கடைக்காரர் கேட்டாரு: "பந்தலுக்கா, ஏணிக்கா, சட்டத்துக்கா?"

கன்னடத்துல 'சட்ட'ன்னா பாடை. நான் அவசரமா தலையாட்டி மறுத்தேன். மீன் பிடிக்கன்னு சொன்னேன். மேலும் கீழும் பாத்தாரு. "பாடைக்குன்னு சொல்லியிருந்தாலே மரியாதையா இருந்திருக்கும் சார்"னு அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

ஆறு கழி வாங்கினேன். ஆடி மாசம். அதுதான் முதல் தப்பு.

ரெண்டு மாசத்துல ஷெட் தரையில மஞ்சளா மாவு கொட்டிக் கிடந்துச்சு. யாரோ கடலை மாவு சிந்திட்டாங்கன்னு நினைச்சேன். உளுத்துப் போச்சு! மூங்கில் சதையில மாவுச்சத்து இருக்கும். வெட்டற காலத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். துளைப்பூச்சிக்கு அது கல்யாணச் சாப்பாடு. மேதர் பிளாக்ல ஒரு அம்மா கூடை பின்னிக்கிட்டே சொன்னாங்க: மழை நின்னு காஞ்ச காலத்துல வெட்டினதா வாங்கணும், ஓடற தண்ணில கொஞ்ச நாள் ஊறப்போட்டு சத்தை இறக்கணும்.

ஓடற தண்ணிக்கு நான் எங்க போவேன்? மொட்டை மாடில ஒரு நீள பைப்பை ரெண்டு பக்கமும் அடைச்சு, தண்ணி ஊத்தி ஊறப்போட்டேன். பத்தாம் நாள் வந்த வாசனையைப் பத்தி எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சிக்கு மனு எழுதற நிலைக்குப் போயிட்டாரு. என் வீட்டம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசல. (வேலைக்கு அது ரொம்ப வசதியாத்தான் இருந்துச்சு.)

அடுத்தது பிளக்கறது. கத்தியை வச்சு சுத்தியால தட்டினா நேரா பிளக்கும்னு நினைச்சேன். பிளவு நாலு அடி ஒழுங்கா ஓடி, அப்புறம் ஒரு பக்கமா சாஞ்சு வழுக்கிக்கிட்டு வெளில வந்துடும். நாலு கழி போச்சு. மறுபடி அதே அம்மாகிட்ட போய் நின்னேன். அவங்க ஒண்ணும் விளக்கல. ஒரு கழியை எடுத்து, கால் கட்டை விரலுக்கும் கைக்கும் நடுவுல பிடிச்சு, பிளந்துக்கிட்டே போனாங்க. பிளவு சாயறப்ப, தடியா இருக்கற பக்கத்தை மட்டும் கொஞ்சம் வளைச்சு இழுத்தாங்க. பிளவு தானா நடுவுக்குத் திரும்பிடுச்சு! எந்தப் பக்கம் அதிகமா வளைக்கறோமோ அந்தப் பக்கமா பிளவு நகரும். இது ஒரு வரி. இந்த ஒரு வரிக்கு நான் நாலு கழி குடுத்திருக்கேன்.

அப்புறம் சீவறது. ஒரு ராடுக்கு ஆறு சில்லு. ஒவ்வொரு சில்லும் குறுக்கே பாத்தா முக்கோணம், மூணு கோணமும் 60 டிகிரி. ஆறையும் சேத்தா அறுகோணம். அடில தடிமனா ஆரம்பிச்சு நுனிக்குப் போகப் போக மெலியணும். நுனில ஒரு சில்லோட உயரம் 1 மில்லிமீட்டர் கூட இருக்காது. அளவுல தப்பு ஒரு தௌ, ரெண்டு தௌக்குள்ள இருக்கணும். (தௌன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. லேத் பட்டறைல கேட்டிருப்பீங்க.)

இதுக்கு ஒரு இரும்பு அச்சு வேணும். ரெண்டு நீள சட்டம், நடுவுல 'வி' மாதிரி பள்ளம், அங்கங்க போல்ட்டு வச்சு பள்ளத்தை விரிக்கலாம், சுருக்கலாம். எவரெட் கேரிசன்னு ஒரு எஞ்சினியர் செஞ்ச முறையை ஹோகி கார்மைக்கேல் 1977-ல புத்தகமாப் போட்டிருக்காரு. மூங்கில் ராடு செய்யறவங்களுக்கு அதுதான் வேதம். அதைப் பாத்துப் படம் போட்டு ஒரு லேத் பட்டறைல குடுத்தேன். படத்துல ஒவ்வொரு சட்டத்துக்கும் '60'னு எழுதியிருந்தேன்.

வந்துச்சு அச்சு. அழகா இருந்துச்சு. ஒவ்வொரு சட்டத்துலயும் 60. ரெண்டும் சேந்தா 120!

அம்மிக்கல் கொத்தற கோணம் அது. தப்பு என்னோடதுதான், ஒவ்வொண்ணுலயும் 30 போட்டிருக்கணும். பட்டறைக்காரர் பொறுமையா கேட்டாரு, "மொத்தமா என்ன கோணம் சார் வேணும்?" 60-னு சொன்னதும், "அட, மெட்ரிக் மரையாணிக் கோணம்! முதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னு மேஜைலேர்ந்து ஒரு குட்டி கேஜை எடுத்துக் காட்டினாரு. மரை வெட்டற உளி தீட்டறப்ப சரிபாக்கற கேஜ், சரியா 60. அதையே வச்சு அச்சை மாத்திக் குடுத்துட்டாரு. நான் மூணு ராத்திரி கோணமானி வச்சு கணக்குப் போட்டது அவரு மேஜைல இருந்துச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன்.

மூங்கிலை உடைச்சு உள்ள பாருங்க. உள்பக்கம் வெளுத்து, பஞ்சு மாதிரி. வெளில போகப் போக நார் நெருங்கும். தோலுக்கு அடியில ஒரு பட்டை, எள்ளு நெருக்கமா அடுக்கின மாதிரி கறுப்புப் புள்ளியா இருக்கும். மூங்கிலோட பலம் மொத்தமும் அந்தப் பட்டைலதான். அதனால முக்கோணத்துல ரெண்டு உள்பக்கத்தைத்தான் சீவணும். வெளிப்பக்கத்துல மேல் தோலை மட்டும் லேசா சுரண்டிட்டு, அதோட கையை எடுத்துடணும்.

இது எனக்குத் தெரியும். புத்தகத்துல படிச்சிருக்கேன். பெரிய எழுத்துல போட்டிருக்கு.

ஆனா முதல் ராடு ஒட்டி முடிச்சப்ப கணு எல்லாம் மேடா தட்டிச்சு. நம்ம மூங்கில்ல கணு கிட்டக் கிட்ட வரும், முண்டும் பெருசு. தீயில காட்டி இளக்கி, வைஸ்ல வச்சு அமுக்கி சரிபண்ணணும். (மூங்கில் சூடாகறப்ப வர்ற வாசனை இருக்கே, கரும்பைச் சுட்ட மாதிரி! கேஸ் அடுப்புல செஞ்சதால இன்னொரு வாரம் மௌனம்.) அமுக்கியும் கொஞ்சம் மேடு மிச்சம் இருந்துச்சு. தீப்பட்ட இடத்துல கறை வேற.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கையில எமரி ஷீட். லேசாத்தானேன்னு ஆரம்பிச்சேன்.

லேசா, இன்னும் லேசா, அந்த ஒரு இடம் மட்டும், சரி இந்த ஒரு இடமும்.

ஒரு மணி நேரத்துல ராடு தேன் நிறத்துல, விரல் வச்சா வழுக்கற மாதிரி ஆயிடுச்சு. ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். கைதட்டல், மாலை, பூங்கொத்து எல்லாம் வந்துச்சு. என் பேங்க் வாழ்க்கையில அவ்வளவு பாராட்டு நான் வாங்கினதே இல்ல.

மறுநாள் காலைல தெரு முனைல இருக்கற காலி சைட்டுக்குப் போனேன். முள் இல்லாம, நுனில ஒரு உல்லன் நூல் கட்டி வீசிப் பாக்கறது வழக்கம். ஃப்ளை போடறதுல தூண்டில் இரைக்கு எடையே கிடையாது. கயித்தோட எடைதான் பறக்கணும். ராடு வளைஞ்சு நிமிர்ந்து அந்தக் கயித்தைத் தள்ளணும். பெருமாளுக்குச் சாமரம் வீசற மாதிரி, அவசரப்படாம, பின்னாடி ஒரு நிறுத்தம், முன்னாடி ஒரு நிறுத்தம்.

ஒண்ணு. நல்லாப் போச்சு.

ரெண்டு. இன்னும் நல்லாப் போச்சு. கிரிக்கெட் ஆடிட்டிருந்த பசங்க நின்னு பாத்தாங்க.

மூணு. 'ப்ட்க்'.

சத்தம் கூட பெருசா இல்ல. சரியா கணு இருந்த இடத்துல ராடு மடங்கித் தொங்குச்சு. உடைஞ்ச வாயைப் பாத்தேன். வெளிப்பக்கம் இருக்கவேண்டிய எள்ளு வரிசை அந்த இடத்துல இல்லவே இல்ல. கணுவுல நார் நேரா ஓடாது, வெளிப்பக்கமா வளைஞ்சு ஏறி இறங்கும். மேட்டைத் தேய்ச்சு சமமாக்கினா, அந்த நாரையெல்லாம் குறுக்கே அறுத்த மாதிரி. நான் தேய்ச்சது மேட்டை இல்ல, முதுகெலும்பை.

ஒரு பையன் கேட்டான், "அங்கிள், பட்டம் கிழிஞ்சிடுச்சா?"

அந்தச் சைட்ல நின்னப்ப எனக்கு ஞாபகம் வந்தது வாத்துதான். அந்தச் சித்தப்பாவை நான் எத்தனை பேருகிட்ட சிரிச்சுச் சொல்லியிருப்பேன்!

ரெண்டாவது ராடு செய்ய ஏழு மாசம் ஆச்சு. மேடு மேடாவே இருக்கட்டும், கறை கறையாவே இருக்கட்டும்னு விட்டேன். (ஒட்டறப்ப நூல் சுத்தினது ஒரு பக்கம் இறுகி, கொஞ்சம் முறுக்கிக்கிச்சு. கண்ணாடி போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நீங்க கண்ணாடியைக் கழட்டிடுங்க.) வளையங்களைக் கட்ட மைசூர் பட்டு நூல். பட்டு நெசவுக்குன்னு மகாராஜா 1912-ல ஆலை தொடங்கின ஊர்ல இருந்துக்கிட்டு நைலான் கட்டினா பாவம். ரீல் உக்கார்ற இடத்துக்கு ஈட்டி மரத் துண்டு, மர இழைப்பு வேலை செய்யற ஒருத்தர்கிட்ட மிச்சத்துல வாங்கினது. மேல வார்னிஷ். தேர்தல் மை செய்யற நம்ம ஊர் கம்பெனி பேருலயே பெயின்டும் வார்னிஷும் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? 1937-ல அரக்கு, பெயின்ட் தொழிற்சாலையா ஆரம்பிச்சதுதான். ரெண்டு துண்டை இணைக்கற குழாயை மட்டும் முதல்ல பித்தளைல போட்டு, அப்புறம் ஜெர்மன் சில்வருக்கு மாறினேன்.

இப்ப கேப்பீங்க, இதுல மீன் பிடிச்சியான்னு.

மைசூர்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றது கூச்சமான விஷயம். ஏன்னா இதே ஊர்ல வான் இங்கென்னு ஒரு குடும்பம். மகாராஜாக்களோட புலி, சிறுத்தையெல்லாம் பாடம் பண்ணி உலகத்துக்கே அனுப்பினவங்க. அவங்கள்ல டி வெட்னு ஒருத்தர் 1946-ல கபினி ஆத்துல பிடிச்ச மஹ்சீர் 120 பவுண்டு! 54 கிலோ. அது ஃப்ளை ராடுல இல்ல, ஆனா தூண்டில்ல. அந்தத் தொழிற்கூடத்தை 1999-ல மூடிட்டாங்க. அண்ணன் தம்பிகள்ல கடைசியா இருந்த ஜூபர்ட் நூறு வயசு தாண்டி 2013-ல போனாரு.

அந்த முதுகு கூனின காவிரி மஹ்சீர் எந்த இனம்னு 2018-லதான் ஒரு முடிவுக்கு வந்தாங்க. 'டோர் ரேமாதேவி'. அதே வருஷம் அது அழிவின் விளிம்புன்னு சிவப்புப் பட்டியல்லயும் ஏறிடுச்சு. பேரு கிடைச்ச வருஷமே ஐசியூ. அதனால அந்த மீன் பக்கம் என் தூண்டில் போகாது. நண்பரோட தோட்டத்துக் குளத்துல, கோழிக்கடைல கேட்டு வாங்கின சேவல் கழுத்து இறகுல பூச்சி மாதிரி ஃப்ளை கட்டி, ஒரு கெண்டைக்குஞ்சு பிடிச்சேன். விரல் நீளம். ராடு வளையக் கூட இல்ல. மரியாதைக்கு ஒரு தடவை நடுங்குச்சு. தண்ணில விட்டுட்டேன்.

அது போன செப்டம்பர். கைல்பொள்துக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப.

கைல்பொள்து நம்ம ஆயுத பூஜை மாதிரி. நாத்து நட்டு முடிச்சதும் வரும். கத்தி, துப்பாக்கியெல்லாம் விளக்கு முன்னாடி வச்சு, துப்பாக்கிக் குழல் வாய்ல ஒரு பூ சொருகுவாங்க. தோக்குப் பூன்னு பேரு. தோக்குன்னா குடகு பாஷைல துப்பாக்கி. அந்தப் பூ எதுன்னு பாத்தா, நம்ம செங்காந்தள்! நம்ம ஊர்ல மாநில மலர்னு பாடப் புத்தகத்துல இருக்கறது, இவங்க வீட்டுல துப்பாக்கி வாய்ல இருக்கு.

மழுங்கின வாத்தோட அந்தத் துப்பாக்கி நடுவுல இருந்துச்சு. கறுப்பு அப்படியே நிக்குது. நண்பரோட அம்மா, எம்பது வயசு இருக்கும், பூக் கூடையோட வந்தவங்க சுவத்துல சாத்தியிருந்த என் ராடைப் பாத்தாங்க. எடுத்தாங்க. கணு மேல விரல் வச்சு ஒவ்வொண்ணா எண்ணற மாதிரி தடவிக்கிட்டே போனாங்க. எனக்குத் திக்குனுச்சு, இவங்களும் எமரி கேப்பாங்களோன்னு.

"காட்டு மூங்கில்தானே?"ன்னு கேட்டாங்க. "தெரியுது. அப்படியே இருக்கு."

துப்பாக்கிக்குப் பக்கத்துல படுக்க வச்சு, நுனி வளையத்துல ஒரு காந்தளைச் சொருகினாங்க. பூவோட கனத்துல நுனி லேசா தாழ்ந்து, அப்படியே நின்னுச்சு.

அப்புறம் கடம்புட்டும் பன்றிக்கறியும். அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது.

தங்கச்சி பையா, இதைப் படிப்பேன்னு தெரியும். அடுத்த தடவை வா. பாம்பு பஜாருக்குக் கூட்டிட்டுப் போறேன், உனக்குன்னு ஒரு கழி வாங்கித் தரேன். பிளந்து, சீவி, ஒட்டி, நீயே ஒண்ணு செய். எமரி ஷீட் எத்தனை வேணுமோ எடுத்துக்கோ, தடுக்க மாட்டேன். தெரு முனைல அந்தச் சைட் இன்னும் காலியாத்தான் இருக்கு.